சாய்கோட்டை எங்கே போடுவது? தமிழ்த் தலைப்புகளிலிருந்து கோப்புப் பாதையும் இணைய முகவரியும்

நீங்கள் கேட்டிருப்பதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஊர் வரலாறு தொடர்பாகச் சேகரித்த ஆவணங்கள் ஏறத்தாழ மூவாயிரம் உங்களிடம் இருக்கின்றன. ஓர் எக்செல் தாளில் ஊர், வகை, ஆண்டு, புல எண், தலைப்பு என்று நெடுவரிசைகள் போட்டு வைத்திருக்கிறீர்கள். இவற்றைக் கணினியில் கோப்புறைகளாகவும், பிறகு இணையத்தில் முகவரிகளாகவும் மாற்ற வேண்டும். உரையைச் சாய்கோடு (/) இட்ட பெயராக மாற்றித் தரும் இலவசக் கருவி ஒன்றில் தலைப்புகளை ஒட்டிப் பார்த்தீர்கள். ஆங்கிலத் தலைப்புகள் ஒழுங்காக வந்தன; தமிழ்த் தலைப்புகளில் சில வெறுமையாகவும் சில துண்டு துண்டாகவும் வந்தன. "தமிழுக்குச் சரியாக வேலை செய்யும் கருவி எது?" என்று முடித்திருக்கிறீர்கள்.

கருவியின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் தமிழைச் சிதைக்காத கருவி கிடைத்தாலும் உங்கள் வேலை கெட்டுப்போகும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சாய்கோடு எங்கே விழ வேண்டும் என்பது ஒன்று. இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே இருக்கும் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு எந்தக் கருவியாலும் பதில் சொல்ல முடியாது. அது உங்கள் தாளில் இருக்கிறது. இரண்டாவதுக்குக் கருவி உதவும், ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் உதவும். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய இதழ்களையும் ஆவணங்களையும் இணையத்தில் ஏற்றும் வேலை பார்க்கிறேன். கீழே சொல்வதில் பெரும்பகுதி நானே கெடுத்துக் கற்றுக்கொண்டது.

நீங்கள் பயன்படுத்திய கருவி ஒவ்வோர் இடைவெளியையும் சாய்கோடாக மாற்றுகிறது. "குளத்தில் நீர் வற்றிய கதை" என்ற தலைப்பைக் கொடுத்தால், எழுத்துச் சிதையாமல் வேலை செய்யும் நல்ல கருவிகூட "குளத்தில்/நீர்/வற்றிய/கதை" என்றுதான் தரும். இதைக் கணினி எப்படிப் படிக்கும் தெரியுமா? 'குளத்தில்' என்று ஒரு கோப்புறை, அதற்குள் 'நீர்', அதற்குள் 'வற்றிய', அதற்குள் 'கதை' என்று ஒரு கோப்பு. ஒரு தலைப்புக்கு மூன்று கோப்புறை; மூவாயிரம் தலைப்புக்கு எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சாய்கோடு என்பது "இதற்குள் அது" என்று சொல்லும் குறி. சொற்களைப் பிரித்துக் காட்ட இடைக்கோடு (-) இருக்கிறது, அடிக்கோடு (_) இருக்கிறது. தேடுபொறி நடத்தும் கூகுள் தன் வழிகாட்டுதலில் அடிக்கோட்டை விட இடைக்கோட்டைப் பரிந்துரைக்கிறது. கோப்புகளுக்கு இரண்டும் ஒன்றுதான். எதையாவது ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அந்தக் கருவி எதற்காக இருக்கிறது? நிரலாளர்களுக்காக. ஜாவா என்ற நிரல் மொழியில், நிரல்களைத் தொகுத்து வைக்கும் பொதியின் பெயரில் வரும் ஒவ்வொரு புள்ளியும் வட்டில் ஒரு கோப்புறையாக இறங்கும். சொற்களை ஒட்டி எழுதி, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக்கும் ஒட்டகத் திமில் பாணிப் பெயர்களை அடுக்குகளாக உடைக்கும் தேவையும் அவர்களுக்கு வரும். அங்கே பெயரின் ஒவ்வொரு துண்டும் உண்மையிலேயே ஓர் அடுக்கு. கருவி சரியாக வேலை செய்யும். அங்கும் எண்ணுக்கு முன்னால் வெட்டுவதா, சுருக்கப் பெயர்களை எங்கே வெட்டுவது என்பதில் ஆளுக்கொரு வழக்கம் உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லாததால் அந்தத் தலைவலி உங்களுக்கு இல்லை.

உங்கள் தாளுக்கு வருவோம். ஊர், வகை, ஆண்டு ஆகிய மூன்றும் அடுக்காகத் தகுதி உள்ளவை. தலைப்பு கடைசித் துண்டு. எந்த வரிசை? இதற்கு விதி கிடையாது, என் பழக்கத்தைத்தான் சொல்ல முடியும். முகவரியின் வாலை ஒவ்வொரு துண்டாக வெட்டிப் பார்ப்பேன். "ஊர்/வகை/ஆண்டு/தலைப்பு" என்பதில் தலைப்பை வெட்டினால் 'அந்த ஊரின் அந்த வகையில் அந்த ஆண்டு ஆவணங்கள்' என்ற பட்டியல் வர வேண்டும். ஆண்டையும் வெட்டினால் அந்த வகை முழுவதும் வர வேண்டும். வெட்டிய இடத்தில் பயனுள்ள ஒரு பக்கத்தைக் காட்ட முடியவில்லை என்றால் அங்கே சாய்கோடு இருக்கக் கூடாது. இந்தச் சோதனையில் 'வகை' பெரும்பாலும் தோற்றுவிடும் என்பது என் அனுபவம். ஒரு சிற்றிதழின் பழைய இதழ்களை ஏற்றியபோது கதை, கட்டுரை, மதிப்புரை என்று வகையை முகவரியில் வைத்தேன். எட்டே மாதத்தில், மதிப்புரை என்று போட்ட சிலவற்றைக் கட்டுரை என்று மாற்றச் சொன்னார் ஆசிரியர். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் வகை மாறியதும் முகவரி மாறியது, முகவரி மாறியதும் வெளியில் பிறர் கொடுத்திருந்த இணைப்புகள் எல்லாம் செத்தன. ஊரும் ஆண்டும் ஆவணத்தோடு பிறந்தவை. வகை நாம் ஒட்டும் சீட்டு. சீட்டை முகவரியில் ஒட்டாதீர்கள் என்பேன். உங்களுக்கு வேறு காரணம் இருந்தால் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஆண்டைப் பற்றி ஒரு இடைச்சொருகல். நில ஆவணங்கள் வைத்திருக்கிறீர்கள் என்பதால் சிலவற்றில் பசலி ஆண்டு, அதாவது நிலவரிக் கணக்குக்கான ஆண்டு, இருக்கும். பசலி 1358 என்பது 1948 ஜூலையில் தொடங்குவது. இரண்டையும் ஒரே நெடுவரிசையில் கலந்து வைத்திருந்தால் 1358 என்ற கோப்புறையைப் பார்ப்பவர் பதினான்காம் நூற்றாண்டுக்கே போய்விடுவார். பாதைக்கு ஆங்கில ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பசலி ஆண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும்.

அடுத்தது, உங்கள் தரவுக்குள்ளேயே இருக்கும் சாய்கோடுகள். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். 'புல எண் 45/3' என்று இருக்கிறது. 'கதவு எண் 5/7' இருக்கிறது. '1952/53' என்று ஆண்டு இருக்கிறது. 'த/பெ' என்று பெயர்களுக்கு நடுவே இருக்கிறது. ஒரே கோடுதான், வேலை வெவ்வேறு. 'த/பெ' வெறும் சுருக்கக்குறி. '1952/53' ஒரு காலநீட்சி. புல எண்ணில் மட்டும் சாய்கோடு பொய் சொல்லவில்லை: 45ஆம் புலத்தின் 3ஆம் உட்பிரிவு என்று உண்மையிலேயே "இதற்குள் அது" என்ற பொருளில் வருகிறது. அப்படியானால் அதை அடுக்காகவே விட்டுவிடலாமா? விட்டால் உட்பிரிவு உள்ள ஆவணங்களுக்கு ஓர் அடுக்கு கூடும், இல்லாதவற்றுக்குக் குறையும். எந்தத் துண்டு தலைப்பு, எந்தத் துண்டு புல எண் என்று பிறகு எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் தரவில் இருக்கும் எல்லாச் சாய்கோட்டையும், பாதையாகக் கோர்ப்பதற்கு முன்பே, இடைக்கோடாக மாற்றிவிடுங்கள்: 45-3, 5-7, 1952-53. இதைக் கோர்த்த பிறகு செய்தால் எது நீங்கள் போட்ட சாய்கோடு, எது தரவில் வந்த சாய்கோடு என்று பிரிக்க வழியில்லை. விக்கிப்பீடியா போன்ற தளங்களில் சாய்கோடு உள்ள தலைப்புகள் அப்படியே முகவரியில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே முன்னொட்டுக்குப் பிறகு வரும் முழுவதையும் ஒரே தலைப்பாகப் படிக்கும் ஏற்பாடு இருக்கிறது. சாதாரணத் தளத்தில் அது இருக்காது. சாய்கோட்டை %2F என்று குறியாக்கம் செய்து ஒளித்துவைக்கலாமே என்று ஒருவர் யோசனை சொல்வார். அதையும் கேட்காதீர்கள். தளத்தின் பக்கங்களை அனுப்பும் மென்பொருளை வழங்கி என்பார்கள்; அப்பாச்சி என்ற வழங்கி இயல்பான அமைப்பில் அப்படிக் குறியாக்கம் செய்த சாய்கோடு வந்தால் 404, அதாவது 'பக்கம் இல்லை', என்று சொல்லிவிடும்.

எக்செலில் ஒரு பழைய குறும்பும் உண்டு. ஒரு கட்டத்தில் 5/7 என்று தட்டினால் அது ஜூலை ஐந்தாம் தேதியாகவோ மே ஏழாம் தேதியாகவோ மாறிவிடும். கணினியின் நாட்டு அமைப்பைப் பொறுத்தது. நீங்கள் மாற்ற ஆரம்பிப்பதற்கு முன்பே கதவு எண்கள் தேதிகளாகி இருக்கலாம். நெடுவரிசையை முதலில் 'உரை' என்று குறித்த பிறகுதான் எண்களை இட வேண்டும். ஏற்கெனவே மாறியவற்றை மூல ஆவணத்தைப் பார்த்துத் திருத்துவதைத் தவிர வழி இல்லை.

இனி தமிழ் ஏன் சிதைந்தது என்ற கதை. யூனிகோடு என்பது உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்திருக்கும் பொதுப் பட்டியல்; அந்த எண்தான் குறியெண். அதில் 'கு' என்பது ஒரு குறியெண் அல்ல. 'க' ஒன்று, உகரக் குறி ஒன்று. 'த்' என்பது 'த' ஒன்று, புள்ளி ஒன்று. யூனிகோடு ஒவ்வொரு குறியெண்ணுக்கும் ஒரு வகை கொடுத்திருக்கிறது. 'க', 'த' முதலியவை 'எழுத்து' என்ற வகை. துணைக்கால், கொம்பு, புள்ளி முதலியவை 'குறி' என்ற வேறு வகை. ஆங்கிலத்தை மட்டும் நினைத்து எழுதிய கருவி, ஆங்கில எழுத்தும் எண்ணும் தவிர எல்லாவற்றையும் பிரிப்பான் என்று கருதித் தூக்கி எறியும். உங்கள் வெறுமை அங்கிருந்து வருகிறது. கொஞ்சம் உலக ஞானம் உள்ள கருவி 'எழுத்து' வகை எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும், ஆனால் 'குறி' வகையை மறந்துவிடும். அதற்கு 'குளத்தில்' என்று கொடுத்தால் 'க/ளத/த/ல' என்று திருப்பித் தரும். உங்களுக்குத் துண்டு துண்டாக வந்தது இதுதான். பைதான் என்ற நிரல் மொழியில் உரைக்குள் தேட உதவும் இயல்பான ரெஜெக்ஸ் தொகுப்பிலும் 'சொல்லெழுத்து' என்ற வகைக்குள் இந்தக் குறிகள் அடங்குவதில்லை. பைதானில் தளம் அமைக்கும் சட்டகமான ஜாங்கோவில் தலைப்பை முகவரித் துண்டாக்க வரும் செயற்கூறு, யூனிகோடை அனுமதிக்கச் சொன்னாலும், நம் தலைப்பை 'களததல-நர-வறறய-கத' என்று ஆக்கும்; அனுமதிக்காவிட்டால் வெறுமை. ஓலைச்சுவடியில் புள்ளி இடாமல் எழுதியதைப் படித்துப் பழகியவர்களுக்குக்கூட இது கடினம். தீர்வு சிறியதுதான்: விட்டுவைக்க வேண்டியவற்றின் பட்டியலில் எழுத்து, எண் இரண்டோடு 'குறி' வகையையும் சேர்க்க வேண்டும். நிரல் எழுதத் தெரிந்த நண்பரிடம் இந்த ஒரு வரியைக் காட்டினால் போதும்.

ஒரு வேளை உங்கள் தாளில் சில வரிகள் பாமினி எழுத்துருவில் இருந்தால் கதை வேறு. பழைய தட்டச்சுக் கோப்புகளிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தால் அதற்கு வாய்ப்பு அதிகம். பாமினியில் திரையில் தெரிவது தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. அங்கே சிறிய 'கே' என்பது 'ம', பெரிய 'கே' என்பது 'மு', அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. மாற்றுக் கருவி எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி அரைப்புள்ளியை நீக்கும். 'முதல்' என்பது 'மதல' ஆகிவிடும். இதில் ஆபத்து என்னவென்றால், கருவி பிழை என்று சொல்லாது; மகிழ்ச்சியாக வேலையை முடித்துக் கொடுக்கும். எழுத்துருவை வேறொன்றாக மாற்றிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளாகத் தெரியும் வரிகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

யூனிகோடுக்கு வந்த பிறகும் ஒரே சொல் இரண்டு விதமாக உள்ளே இருக்க முடியும். 'கோ' என்பதைக் ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். இரட்டைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு முகவரி. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் சேமித்தது. அந்த வட்டிலிருந்து எடுத்த கோப்புப் பெயர்களை உங்கள் தாளோடு ஒப்பிட்டால் 'கோயில்' எதுவும் பொருந்தாது. இதற்கு மருந்து உண்டு. என்எஃப்சி என்ற சீராக்கம் எல்லாவற்றையும் சேர்த்த வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். அநேகமாக எல்லா நிரல் மொழிகளிலும் ஒரு வரியில் செய்யக்கூடியது. எந்த மாற்றத்துக்கும் முதல் படி இதுவாக இருக்கட்டும்.

என்எஃப்சி தொடாத இடங்களும் உண்டு, அவற்றைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். 'கௌரி' என்பதைப் பலர் ஒற்றைக்கொம்போடு ளகரத்தைச் சேர்த்துக் 'கெளரி' என்று தட்டியிருப்பார்கள். இதை மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாம் என்று கை பரபரக்கும். செய்யாதீர்கள், 'வெள்ளை', 'தெளிவு', 'வெளி' எல்லாவற்றிலும் அதே ஒற்றைக்கொம்பும் ளகரமும் முறையாகவே வருகின்றன. ளகரத்துக்குப் பிறகு புள்ளியோ வேறு குறியோ இல்லாத இடங்களை மட்டும் வடிகட்டி எடுத்தால் பெரும்பாலும் இந்தப் பிழைதான் கிடைக்கும். அதையும் ஒருமுறை படித்துப் பார்த்துத் திருத்துங்கள். 'ஸ்ரீ' இன்னொன்று. அதை 'ஸ' வைத்தும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம்தான். கோயில் ஆவணங்கள் உள்ளவருக்கு இது சாதாரணத் தொல்லை அல்ல. 'ரிக்‌ஷா' என்பதில் ககரமும் ஷகரமும் 'க்ஷ' என்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்புக் குறியைப் போடுவார்கள். தலைப்பில் அது இருக்கட்டும், பாதையில் வேண்டாம் என்பது என் வழக்கம். தட்டச்சு செய்து தேடுகிறவர் அந்தக் குறியைத் தட்டப்போவதில்லை. தமிழ் எண் ஒன்றும் ககரமும் பார்க்க ஒன்று போலிருக்கும், ஏழும் எகரமும் அப்படியே. எண்கள் எல்லாவற்றையும் 1, 2, 3 என்றே பாதையில் வையுங்கள்.

நீளத்துக்கு வருகிறேன், இதில் எண்கள் உறுதியானவை. தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும், யூனிகோடைச் சேமிக்கும் வழக்கமான முறையான யுடிஎஃப்-8இல், மூன்று பைட். இணைய முகவரிகளின் இலக்கணமான ஆர்எஃப்சி 3986, 2005 ஜனவரியில் வந்தது. அதன்படி முகவரிக்குள் தமிழ் எழுத்து நேரடியாக இருக்க முடியாது. ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு பதினாறடிமான இலக்கங்களுமாக மாறும். ஆக ஒரு குறியெண்ணுக்கு ஒன்பது இடம். உலாவி மேலே தமிழாகக் காட்டினாலும், நகலெடுத்து ஒட்டும்போது அந்த நீண்ட வால் வெளியே வருவது இதனால்தான். நம் எடுத்துக்காட்டை எண்ணிப் பாருங்கள். "குளத்தில் நீர் வற்றிய கதை" என்பது வாசகருக்குப் பதின்மூன்று எழுத்து. கணினிக்கு இருபத்திரண்டு குறியெண். குறியாக்கிய பிறகு 198 இடம், மூன்று இடைக்கோடு சேர்த்து 201. வலைப்பதிவு மென்பொருளான வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து தானாக உருவாக்கும் பெயர்த்துண்டுக்கு 200 இடம்தான். ஓர் இடம் மிஞ்சியதற்காகக் கடைசி ஐகாரக் குறி முழுவதும் விழுந்துவிடும். முகவரி 'கதை' என்று முடியாமல் 'கத' என்று முடியும். தமிழ் வலைப்பதிவு முகவரிகளின் கடைசிச் சொல் பாதியில் நிற்பதைப் பார்த்திருந்தால் காரணம் இதுதான். வட்டில் இவ்வளவு நெருக்கடி இல்லை. லினக்ஸின் வழக்கமான கோப்பமைப்பில் ஒரு பெயருக்கு 255 பைட், அதாவது தமிழில் 85 குறியெண். விண்டோஸில் பழைய நிரல்களுக்கு முழுப் பாதையும் 260 இடத்துக்குள் அடங்க வேண்டும். அங்கே தமிழ்க் குறியெண் ஒன்றுக்கு ஓரிடம்தான் என்பது ஆறுதல். எப்படியானாலும் நீளத்தை நீங்களே சொல் எல்லையில் வெட்டுங்கள். கருவியை வெட்ட விட்டால் அது குறிக்கும் எழுத்துக்கும் நடுவே கத்தியை வைக்கும்.

அப்படியானால் ரோமன் எழுத்தில் எழுதிவிடலாமே என்று கேட்பீர்கள். இது கருத்து வேறுபாடு உள்ள இடம், நான் என் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். பாதை குட்டையாகும், எங்கு ஒட்டினாலும் உடையாது. இவை உண்மையான நன்மைகள். ஆனால் பொதுவழக்கில் எழுதும் ரோமனில் பள்ளியும் பல்லியும் ஒன்று, மரமும் மறமும் ஒன்று, மனமும் மணமும் ஒன்று. நுணுக்கமான குறிகள் இட்டு இவற்றைப் பிரித்துக் காட்டும் முறைகள் இருக்கின்றன. 2001இல் வந்த ஐஎஸ்ஓ 15919 அப்படிப்பட்டது. ஆனால் அந்தக் குறிகளும் ஆங்கில விசைப்பலகையில் இல்லாதவை, முகவரியில் அவையும் குறியாக்கம் ஆகும். எதற்காகத் தமிழை விட்டோமோ அந்தத் தொல்லை திரும்பி வந்துவிடும். ஊர்ப் பெயர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் நிலையானது என்றும் நம்ப வேண்டாம். தமிழ்நாடு அரசு 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. அந்த ஆணையை நம்பி யாராவது கோப்புறைகளின் பெயரை மாற்றியிருந்தால் ஒரே மாதத்தில் இரண்டு முறை மாற்றியிருப்பார். நான் செய்வது ஒரு சமரசம். ஊருக்கும் ஆண்டுக்கும் குட்டையான, மாறாத குறியீடு. தலைப்புக்குத் தமிழ், ஐந்து சொல்லுக்கு மிகாமல். அதற்கு முன் ஆவண எண். உதாரணமாக "ஊர்/1948/0217-குளத்தில்-நீர்-வற்றிய". எண் இருப்பதால் தலைப்புப் பகுதி வெட்டுப்பட்டாலும் வழங்கி ஆவணத்தைக் கண்டுபிடித்துவிடும். தேடுபொறியில் எது மேலே வரும் என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. அது என் தொழில் அல்ல.

அந்த எண்ணுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தலைப்புகள் தனித்தன்மையானவை என்று தொடக்கத்தில் நினைத்தேன். சிற்றிதழ்த் தொகுப்பில் 'இரண்டு கவிதைகள்', 'மூன்று கவிதைகள்' என்று எத்தனை வந்தன என்று எண்ணாமல் விட்டுவிட்டேன். உங்கள் தாளில் 'விற்பனைப் பத்திரம்' என்ற தலைப்பு எத்தனை முறை இருக்கிறது என்று இப்போதே தேடிப் பாருங்கள். எண் இல்லாமல் கோப்புறையில் எழுதினால் பின்னால் வருவது முன்னால் வந்ததன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், சத்தம் கூடப் போடாது.

வெறுமையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு துண்டு வெறுமையாகிவிட்டால் இரண்டு சாய்கோடுகள் அடுத்தடுத்து வந்துவிடும். நடுவில் வந்தால் பல வழங்கிகள் பொறுத்துக்கொள்ளும். முதல் துண்டே வெறுமையானால் இணைப்பு இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கும். உலாவி அடுத்த துண்டை இன்னொரு தளத்தின் பெயர் என்று எடுத்துக்கொண்டு அங்கே கிளம்பிவிடும். என் நிரலில் ஒரு நாள் 'கடிதங்கள்' என்ற தளத்தைத் தேடி உலாவி அலைந்தது. ஆகவே ஒவ்வொரு துண்டையும் தனியாகச் சுத்தம் செய்து, வெறுமையா என்று பார்த்து, வெறுமையென்றால் ஆவண எண்ணை இட்டு, அதன் பிறகே கோர்க்க வேண்டும். ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி மட்டும் உள்ள துண்டும் கூடாது. இரட்டைப் புள்ளிக்கு 'மேல் கோப்புறைக்குப் போ' என்று பொருள். வெளியார் தலைப்பைத் தட்டும் படிவம் ஏதேனும் வைத்திருந்தால் இது பாதுகாப்புக்கே ஓட்டை. 2021இல் அப்பாச்சி 2.4.49இல் புள்ளிகளைக் குறியாக்கி அனுப்பியே கோப்புறைக்கு வெளியே போக முடிந்தது. அவசரமாக விட்ட அடுத்த திருத்தமும் போதாமல் 2.4.51 வரை போனார்கள்.

விண்டோஸிலும் வேலை செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே பாதைக்குப் பின்சாய்கோடு (\). விண்டோஸுக்கு முன்னோடியான டாஸின் முதல் பதிப்பில் கோப்புறையே கிடையாது, முன்சாய்கோடு கட்டளைகளின் விருப்பத் தேர்வுகளுக்குப் போய்விட்டிருந்தது, 1983இல் 2.0 பதிப்பில் கோப்புறை வந்தபோது மிஞ்சியது பின்சாய்கோடு. தாளில் முன்சாய்கோட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பைதான் முதலிய மொழிகள் விண்டோஸிலும் அதை ஏற்கும். முக்காற்புள்ளி, கேள்விக்குறி, இரட்டை மேற்கோள், நட்சத்திரம், செங்குத்துக் கோடு, கோண அடைப்புகள் ஆகியவை விண்டோஸ் கோப்புப் பெயரில் வரக் கூடாது. பெயர் புள்ளியிலோ இடைவெளியிலோ முடியவும் கூடாது. 'குறி' வகையைச் சேர்த்த பட்டியல் முறையில் சுத்தம் செய்தால் இவை தாமாகவே போய்விடும்.

ஆக வேலை நடக்கும் வரிசை இது. முதலில் பாமினி வரிகளைப் பிடித்து மாற்றுவது, பிறகு என்எஃப்சி, பிறகு கண்ணுக்குத் தெரியாத குறிகளை நீக்குவது, தரவில் உள்ள சாய்கோடுகளை இடைக்கோடாக்குவது, எழுத்தும் குறியும் எண்ணும் தவிர மற்றவற்றை இடைக்கோடாக்கி, அடுத்தடுத்து வரும் இடைக்கோடுகளை ஒன்றாக்கி, ஓரங்களைச் சீவுவது, சொல் எல்லையில் வெட்டுவது, வெறுமை பார்ப்பது, கோர்ப்பது. கடைசியாக, கிடைத்த பாதையைத் தாளில் 'பாதை' என்று புதிய நெடுவரிசையில் எழுதிப் பூட்டிவிடுங்கள். பின்னால் தலைப்பில் ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தினால் பாதை மாறக் கூடாது. தவிர்க்க முடியாமல் மாற்றினால் பழைய பாதையை அழிக்காமல் பக்கத்து நெடுவரிசையில் வைத்து, அங்கிருந்து புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பி விடுங்கள். பாதையின் முடிவில் சாய்கோடு இருப்பதும் இல்லாததும் இணைய இலக்கணப்படி இரண்டு வெவ்வேறு முகவரிகள் என்பதால் அதிலும் ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றதைத் திருப்பி விட வேண்டும்.

மூவாயிரத்தையும் ஒரே நாளில் ஓட்டிவிடாதீர்கள். 'ஸ்ரீ' உள்ளது, 'கௌ' உள்ளது, ஆங்கிலம் கலந்தது, புல எண் உள்ளது, மிக நீளமானது, ஒரே சொல் உள்ளது என்று ஐம்பது வரிகளைப் பொறுக்கி எடுத்து முதலில் அவற்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். புள்ளி விழுந்த சொல்லைக் கண் தாண்டிப் போய்விடும், வாய் தாண்டாது. தடுக்கிய வரிகளை இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன். பெயர்களையும் புல எண்களையும் மட்டும் மறைத்துவிட்டு எழுதுங்கள்.